பிக், லார்ஜ், கிரேட்: எந்தப் ‘பெரிய’ எங்கே?

வேலைக்கான விண்ணப்பத்துடன் அனுப்புவதற்காக உங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பக்கக் கட்டுரையில் ‘பிக்’ என்ற சொல் ஏழு இடங்களில் வந்துவிட்டதாகவும், அதைப் படித்துப் பார்த்த நண்பர் ‘இது பேச்சுவழக்கு, எல்லாவற்றையும் லார்ஜ் அல்லது கிரேட் என்று மாற்றிவிடு’ என்று சொன்னதாகவும், அப்படியே மாற்றிய பின் சில வாக்கியங்கள் முன்னைவிட மோசமாக ஒலிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அகராதியைத் திறந்தால் மூன்றுக்கும் ‘பெரிய’ என்றே பொருள் இருக்கும்போது, ஒன்றின் இடத்தில் இன்னொன்று ஏன் பொருந்த மறுக்கிறது என்பது உங்கள் கேள்வி. உங்கள் காது சரியாகவே கேட்டிருக்கிறது. நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ‘பிக்’ எங்கே வந்தாலும் குறை என்ற மறுபாதியை நீங்கள் மறந்துவிடுவது நல்லது.

சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘பிக்’ என்பது ஒன்றை நேரில் பார்த்துப் பேசுகிறவர் வாயில் வரும் சொல். ‘லார்ஜ்’ என்பது அளந்து, ஒப்பிட்டு, வரிசைப்படுத்துகிறவர் எடுக்கும் சொல். ‘கிரேட்’ என்பது ஒன்றை மதிப்பிடுகிறவர் எடுக்கும் சொல். இந்த எல்லைகளில் வேலி எதுவும் இல்லை. ஒரு வீட்டை ‘பிக் ஹவுஸ்’ என்றாலும் ‘லார்ஜ் ஹவுஸ்’ என்றாலும் பிழை இல்லை, முதலாவது பேச்சுக்கும் இரண்டாவது எழுத்துக்கும் சற்று நெருக்கமானது என்பதோடு சரி. கண்ணால் பார்க்கக்கூடிய, கையால் தொடக்கூடிய பொருள்களில் இந்தத் தாராளம் செல்லும். அதைத் தாண்டியவுடன்தான் சிக்கல் தொடங்குகிறது.

நம் கண் முன்னால் இருக்கும் ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். முதலாம் இராசராசன் 1010-இல் கட்டி முடித்த தஞ்சைக் கோயிலை நாம் பெரிய கோயில் என்கிறோம். அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது ஊர்க்காரர்களும் வழிகாட்டிகளும் ‘பிக் டெம்பிள்’ என்கிறார்கள். அதே கோயிலை யுனெஸ்கோ 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்று, 2004-இல் கங்கைகொண்ட சோழபுரத்தையும் தாராசுரத்தையும் அதனுடன் சேர்த்தது; மூன்றுக்கும் பொதுவாக வழங்கும் பெயர் ‘கிரேட் லிவிங் சோழா டெம்பிள்ஸ்’ என்பது. முதல் பெயர் தெருவில் நின்று விமானத்தை அண்ணாந்து பார்ப்பவரின் வியப்பு. இரண்டாவது பெயர் கலையையும் வரலாற்றையும் எடைபோட்ட ஓர் அமைப்பின் மதிப்பீடு. தாராசுரம் கோயில் தஞ்சைக் கோயிலைவிட அளவில் மிகச் சிறியது என்பதைக் கவனியுங்கள். அதை ‘பிக்’ என்று அழைக்க முடியாது, ஆனால் ‘கிரேட்’ என்று தயங்காமல் சொல்லலாம். இன்ன கோயில் இன்ன கோயிலைவிடப் பரப்பில் பெரியது என்று ஒரு கட்டடக்கலை ஆய்வாளர் எழுதும்போது மட்டும் ‘லார்ஜர்’ வரும். தஞ்சைக் கோயிலை ‘லார்ஜ் டெம்பிள்’ என்று பெயர் சொல்லி அழைப்பவர் யாரும் இல்லை.

ஒரு பெயருக்குள் ‘லார்ஜ்’ வருமானால் அங்கே பெரும்பாலும் அளவுகோல் ஒன்று இருக்கும். தென்வானத்தில் மங்கலாகத் தெரியும், மெகல்லன் மேகங்கள் எனப்படும் இரண்டு விண்மீன் திரள்களில் ஒன்று ‘லார்ஜ்’, மற்றொன்று ‘ஸ்மால்’. ஒப்பிட்டு வைத்த பெயர்கள். ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவில் நிலத்தடியில் அமைந்திருக்கும் துகள் மோதுகருவியின் பெயர் ‘லார்ஜ் ஹாட்ரான் கொலைடர்’. அது இயற்பியலாளர்கள் வைத்தது. சட்டைக் கடையில் எஸ், எம், எல் என்று தைத்திருக்கும் எழுத்துகளில் எல் என்பதும் அதே வரிசைதான். இதற்கு மாறாக, பேரண்டத்தின் தொடக்கத்தைப் பற்றிய கோட்பாட்டை ஏற்காதவரான வானியலாளர் பிரெட் ஹாய்ல், 1949-இல் பிபிசி வானொலியில் பேசும்போது சொன்ன பெயர் ‘பிக் பேங்’. வானொலிப் பேச்சில் பிறந்ததால் அது ‘பிக்’ ஆயிற்று. நாம் அதைப் பெருவெடிப்பு என்று செம்மையாக்கிக்கொண்டோம். வியாழன் கோளின் மேல் தெரியும் செந்நிறப் புயலுக்கோ ‘கிரேட் ரெட் ஸ்பாட்’ என்று பெயர். அதில் அளவோடு வியப்பும் கலந்திருக்கிறது.

மூன்று சொற்களும் மூன்று வழிகளில் ஆங்கிலத்துக்குள் வந்தவை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் ‘பெரிய’ என்பதற்கு வழக்கமாக இருந்த சொல் ‘மிச்செல்’. அதன் வழித்தோன்றல்தான் இன்று ‘மிகுதி’ என்ற பொருளில் வழங்கும் ‘மச்’. ‘கிரேட்’ அப்போதே இருந்தது, ஆனால் அதற்குப் பருத்த, தடித்த, கரடான என்ற பொருளே முதன்மை. செருமன் மொழியின் ‘குரோஸ்’ அதன் உறவுச்சொல். ‘லார்ஜ்’ 1066-க்குப் பிறகு, நார்மானியர் இங்கிலாந்தை வென்று ஆண்ட காலத்தில் பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் மூலமான லத்தீன் ‘லார்குஸ்’ என்ற சொல்லுக்கு ஏராளமான, அள்ளிக் கொடுக்கிற என்று பொருள். வள்ளன்மையைக் குறிக்கும் ‘லார்ஜெஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லில் அந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘பிக்’ எல்லாவற்றுக்கும் பின்னால், ஏறத்தாழ 1300-ஐ ஒட்டி வட இங்கிலாந்தில் தலைகாட்டியது. அதன் வேர் இன்றுவரை உறுதியாகவில்லை. ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து வந்திருக்கலாம் என்ற கருத்து உண்டு. தொடக்கத்தில் அதற்கு வலிமை மிக்க என்று பொருள். மூன்றில் கடைசியாக வந்த இதுதான் இன்று பேச்சில் மிகுதியாகப் புழங்குகிறது.

இந்த வரலாற்றை ஆர்வத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஏராளம் என்ற பொருளோடு வந்த ‘லார்ஜ்’ இன்றும் எண்ணிக்கையையும் அளவையும் குறிக்கும் பெயர்களோடுதான் இயல்பாகச் சேர்கிறது: ‘லார்ஜ் நம்பர்’, ‘லார்ஜ் அமௌன்ட்’, ‘லார்ஜ் குவான்டிட்டி’, ‘லார்ஜ் ஸ்கேல்’. இவற்றில் ‘பிக்’ போட்டால் எழுத்து உடனே தளர்ந்துவிடும். வலிமையையும் வளர்ச்சியையும் குறித்த ‘பிக்’ இன்றும் வளர்ந்தவர் என்ற பொருளைத் தாங்குகிறது. குழந்தை ‘வென் ஐ ஆம் பிக்’ என்றால் ‘நான் பெரியவனானதும்’ என்று பொருள், அண்ணன் ‘பிக் பிரதர்’, அக்கா ‘பிக் சிஸ்டர்’. ‘கிரேட்’ உருவத்தின் பருமனை மெல்ல மெல்லப் பிற சொற்களுக்கு விட்டுக்கொடுத்து, தான் கண்ணுக்குத் தெரியாதவற்றின் பக்கம் போய்விட்டது. ‘கிரேட் கேர்’, ‘கிரேட் பிளெஷர்’, ‘கிரேட் டிஃபிகல்ட்டி’, ‘கிரேட் இம்பார்ட்டன்ஸ்’ என்று கவனம், மகிழ்ச்சி, சிரமம், முக்கியத்துவம் போன்ற எண்ண முடியாத பெயர்களுக்கு முன்னால் வரக்கூடியது இது ஒன்றே. ‘பிக் கேர்’ என்றோ ‘லார்ஜ் பிளெஷர்’ என்றோ ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் சொல்லமாட்டார்.

இங்கே பலர் தடுக்கி விழும் ஓரிடம் உண்டு. உயரம், ஆழம், தொலைவு, வேகம் எல்லாம் அளக்கக்கூடியவை. ஆகவே அவற்றுக்கு ‘லார்ஜ்’ பொருந்தும் என்று நினைப்போம். பொருந்தாது. அளவின் பெயரே பெயர்ச்சொல்லாக வரும்போது ‘கிரேட் ஹைட்’, ‘கிரேட் டெப்த்’, ‘கிரேட் டிஸ்டன்ஸ்’, ‘கிரேட் ஸ்பீட்’ என்பதே எழுத்து வழக்கு. பொறியியல் மாணவர்களின் அறிக்கைகளில் ‘லார்ஜ் ஹைட்’ என்பதை அடிக்கடி காண்கிறேன். வாக்கியத்தின் இலக்கணம் முழுக்கச் சரியாக இருந்தும் எழுதியவர் வெளியாள் என்று காட்டிக்கொடுக்கும் தொடர் அது.

எண்ணக்கூடிய, ஆனால் தொட முடியாத பெயர்கள் இன்னொரு வகை: தவறு, முடிவு, சிக்கல், மாற்றம். இவற்றில் பேச்சாங்கிலம் ‘பிக்’ என்பதையே நாடுகிறது, ‘லார்ஜ்’ பெரும்பாலும் விலகிக்கொள்கிறது. ‘பிக் பிராப்ளம்’, ‘பிக் சேஞ்ச்’ என்பவை நல்ல ஆங்கிலம். எழுத்துக்கு இன்னும் சற்று இறுக்கம் வேண்டுமென்றால் ‘மேஜர்’, ‘சீரியஸ்’, ‘சிக்னிஃபிகன்ட்’ போன்ற வேறு சொற்களைத் தேட வேண்டுமே தவிர, ‘லார்ஜ்’ பெரும்பாலும் உதவிக்கு வராது. உங்கள் நண்பரின் விதி உடைவது இங்கேதான்.

தமிழ் அறிந்தவர்களுக்கு இது வியப்பூட்டக்கூடாது. தொல்காப்பியத்தின் உரியியல், தட, கய, நளி என்ற மூன்று சொற்களுக்கும் பெருமை, அதாவது பெரிதாக இருத்தல், என்று பொருள் சொல்லிவிட்டு அதோடு நின்றுவிடவில்லை. அவற்றுள் தட என்பது வளைவையும், கய என்பது மென்மையையும், நளி என்பது செறிவையும் உணர்த்தும் என்று ஒவ்வொன்றின் தனிச் சாயலையும் அடுத்தடுத்த நூற்பாக்களில் எடுத்துச் சொல்கிறது. ஒருபொருட் பன்மொழி என்று நாம் சேர்த்துவைக்கும் சொற்கள் ஓரிடத்தில் மட்டும் சந்தித்துக்கொண்டு மற்ற இடங்களில் தத்தம் வழியில் போகின்றன என்பதை அத்தனை காலத்துக்கு முன்பே கண்டிருக்கிறார்கள். இன்றைய தமிழிலும் ‘பேரன்பு’ என்ற சொல் தரும் நிறைவு ‘பெரிய அன்பு’ என்பதில் இல்லை. பெருங்கடலைப் ‘பெரிய கடல்’ என்றால் புவியியல் ஆசிரியர் ஏற்கமாட்டார். நாம் இவற்றை விதியாகப் படிக்கவில்லை, எந்தப் பெயரோடு எது வருகிறது என்று கேட்டுக் கேட்டுப் பழகினோம். ஆங்கிலத்தையும் அந்த வழியில்தான் பிடிக்க வேண்டும். ‘பெரிய என்றால் பிக், லார்ஜ், கிரேட், ஹ்யூஜ்’ என்று வரிசையாக எழுதி மனப்பாடம் செய்யும் பட்டியல்கள் மாணவர்களுக்குச் செய்யும் கெடுதல் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஒவ்வொரு சொல்லையும் அது சேரும் ஐந்தாறு பெயர்களோடு எழுதிவைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது வேறுபாடு இன்னும் கூர்மையாகும். ‘கிரேட் மேன்’ என்றால் மாமனிதர். ‘பிக் மேன்’ என்றால் உயரமும் வலுவும் உள்ளவர், சில சூழல்களில் செல்வாக்குள்ளவர். ‘லார்ஜ் மேன்’ என்றால் பருமனானவர் என்பதை நாகரிகமாகச் சொல்வது. ஆகவே ‘மை லார்ஜ் சிஸ்டர்’ என்று எழுதினால் அக்காவின் உடல் எடையைக் குறிப்பிட்டதாக ஆகிவிடும். விலங்குகளிலும் இப்படித்தான்: ‘பிக் கேட்’ என்றால் புலி, சிங்கம், சிறுத்தை முதலிய இனம், 2023-இல் இந்தியா தொடங்கிவைத்த ‘இன்டர்நேஷனல் பிக் கேட் அலையன்ஸ்’ அமைப்பு அத்தகைய ஏழு விலங்குகளின் பாதுகாப்புக்கானது. ‘லார்ஜ் கேட்’ என்றால் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த வீட்டுப் பூனை என்றுதான் கேட்பவர் முதலில் நினைப்பார். ‘கிரேட் கிராண்ட்ஃபாதர்’ என்பது கொள்ளுத் தாத்தா. அவர் மகத்தானவரா இல்லையா என்பதற்கும் அந்தச் சொல்லுக்கும் தொடர்பு இல்லை, அது ஒரு தலைமுறை தள்ளியதைக் காட்டும் குறி மட்டுமே.

‘கிரேட்டர்’ என்ற ஒப்பீட்டு வடிவமும் இதேபோல் தனி வழி போனது. 1965-இல் உருவான ‘கிரேட்டர் லண்டன்’ என்பதில் சிறப்பு எதுவும் சொல்லப்படவில்லை. நகரமும் அதைச் சுற்றி இணைந்த பகுதிகளும் என்பதே பொருள். நம் பெருநகர சென்னை மாநகராட்சியின் ஆங்கிலப் பெயரில் ‘கிரேட்டர்’ நிற்பதும் அப்படியே. பறவை நோக்குவோர் ‘கிரேட்டர்’ பூநாரை, ‘லெஸ்ஸர்’ பூநாரை என்று பிரிப்பதிலும் இது வெறும் அளவு வேறுபாடே. இங்கே எதிர்ச்சொற்களும் உதவும்: ‘லார்ஜ்’ என்பதன் எதிரே ‘ஸ்மால்’ நிற்கும், ‘பிக்’ என்பதன் எதிரே ‘லிட்டில்’ அல்லது ‘ஸ்மால்’ நிற்கும், பெயர்களில் வரும் ‘கிரேட்’ எதிரே ‘லிட்டில்’ அல்லது ‘லெஸ்ஸர்’ நிற்கும். ‘ஸ்மால் நம்பர்’ என்று சொல்ல முடிகிற இடத்தில் ‘லார்ஜ் நம்பர்’ என்று சொல்லலாம். ‘லிட்டில் சிஸ்டர்’ என்று தங்கையைச் சொல்கிற மொழியில் அக்கா ‘பிக் சிஸ்டர்’ ஆகத்தான் இருப்பார். ஐயம் வந்தால் எதிர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள்.

இனி, தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும்போது நேரும் சில பிழைகள். நமக்கு மழையும் பெரியது, காற்றும் பெரியது, குரலும் பெரியது. ஆங்கிலத்தில் மழை ‘ஹெவி’, காற்று ‘ஸ்ட்ராங்’, குரல் ‘லவுட்’, காய்ச்சல் ‘ஹை’. பெரியவர்கள் என்பதை ‘பிக் பீப்பிள்’ என்று எழுதினால் உடல் பெருத்தவர்கள் என்றாகும். மரியாதைக்குரிய மூத்தவர்கள் ‘எல்டர்ஸ்’, வயது வந்தவர்கள் ‘அடல்ட்ஸ்’. பெரியப்பாவை ஆங்கிலம் ‘அங்கிள்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. அப்பாவின் அண்ணன் என்பது கட்டாயம் தெரிய வேண்டுமானால் அதை விளக்கித்தான் எழுத வேண்டும்.

‘பிக்’ போதவில்லை என்று தோன்றும்போது எடுக்கும் பலமான சொற்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ‘ஹ்யூஜ்’ பேச்சுக்கும் எழுத்துக்கும் பொது. ‘எனார்மஸ்’ என்ற சொல்லின் உள்ளே லத்தீன் ‘நோர்மா’ இருக்கிறது. அது தச்சரின் மூலைமட்டம். மட்டத்துக்குள் அடங்காதது ‘எனார்மஸ்’. ‘இம்மென்ஸ்’ என்றால் அளக்க இயலாதது. அதனால்தான் நிம்மதி, பொறுமை, பெருமிதம் போன்ற உணர்வுகளோடு அது அழகாகச் சேர்கிறது. ‘வாஸ்ட்’ என்பதன் மூலத்துக்கு வெறுமையான, பாழான என்று பொருள். பாலைவனம், கடல், வானம், சமவெளி என்று பரந்து கிடப்பவற்றுக்கு அது பொருந்தும், யானைக்குப் பொருந்தாது. யானைக்கென்றே ஒரு சொல் பிறந்திருக்கிறது: இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் வளர்ந்து, 1882-இல் அமெரிக்க சர்க்கஸ் ஒன்றுக்கு விற்கப்பட்டு, 1885-இல் கனடாவில் ரயில் மோதி இறந்த ஆப்பிரிக்க யானையின் பெயர் ஜம்போ. அந்த யானையின் புகழால்தான் ‘ஜம்போ’ பெரியது என்ற பொருளில் உலகெங்கும் பரவி, போயிங் 747 விமானத்துக்கும் அனில் கும்ப்ளேவுக்கும் பட்டப்பெயராயிற்று.

இந்தச் சொற்களில் இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். இவை ஏற்கெனவே உச்சத்தில் இருப்பவை என்பதால் முன்னால் ‘வெரி’ ஏற்பதில்லை; ‘வெரி பிக்’ சரி, ‘வெரி எனார்மஸ்’ சரியில்லை, அழுத்தம் வேண்டுமானால் ‘ஆப்ஸல்யூட்லி’ வரலாம். அடுத்தது, ‘எனார்மிட்டி’ என்பது ‘எனார்மஸ்’ என்பதன் பெயர்ச்சொல் போலத் தோன்றினாலும், கவனமாக எழுதுகிறவர்கள் அதைக் கொடுமையின் கடுமையைக் குறிக்கவே வைத்திருக்கிறார்கள். நீங்கள் செய்து முடித்த திட்டத்தின் ‘எனார்மிட்டி’ பற்றி விண்ணப்பத்தில் எழுதினால், படிப்பவர் புருவத்தை உயர்த்தக்கூடும்.

உங்கள் ஏழு இடங்களுக்கு வருகிறேன். ‘பிக் நம்பர் ஆஃப் கஸ்டமர்ஸ்’ என்பதை ‘லார்ஜ் நம்பர்’ என்று மாற்றியது சரி. ‘பிக் கம்பெனி’ என்பதை ‘லார்ஜ் கம்பெனி’ என்று மாற்றியதும் விண்ணப்பத்துக்கு ஏற்றதே. ‘பிக் இன்ட்ரஸ்ட்’ என்பதை ‘கிரேட் இன்ட்ரஸ்ட்’ ஆக்கியதும் நல்லது. ‘பிக் ரெய்ன்’ என்பதை ‘கிரேட் ரெய்ன்’ ஆக்கியிருக்கிறீர்கள். அங்கே இரண்டுமே வேண்டாம், ‘ஹெவி ரெய்ன்’ என்று எழுதுங்கள். ‘கிரேட் சிஸ்டர்’ என்றால் அக்காவைப் பாராட்டுவதாகிவிடும். வேலைக்கான கடிதம் என்பதால் ‘எல்டர் சிஸ்டர்’ என்று போடுங்கள். ‘லார்ஜ் மிஸ்டேக்’ உங்கள் காதை உறுத்தியது நியாயம், அதை ‘சீரியஸ் மிஸ்டேக்’ என்று திருத்துங்கள். கடைசி வாக்கியத்தில், படிப்பை நிறுத்திவிட்டுக் குடும்பத்துக்காக வேலைக்குப் போன முடிவை ‘பிக் டிசிஷன்’ என்று முதலில் எழுதியிருந்தீர்கள். அதைத் தொட வேண்டாம். அந்த இடத்தில் நீங்களே பேசுகிறீர்கள்; ‘பிக்’ என்ற சொல் அங்கே அப்படியே இருக்கட்டும்.